கொண்டை வைத்த எழுத்துகள்

5 மார்ச் 2009, வியாழன்
காலை 6.40

அக்கா,

மார்ச் ஐந்தாம் தேதி காலை ஆறு நாற்பதுக்கு இதை எழுதத் தொடங்குகிறேன். உன் கடிதத்தில் பதினொரு கேள்விகள், எண்ணிவிட்டேன். பதினொன்றுக்கும் விடை ஒன்றுதான்.

முதலில் ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கத்தவில்லை. கொஞ்சம் உரக்க விளக்கினேன். அதற்காக "இனிமேல் எதுவானாலும் எழுது, காகிதம் கத்தாது" என்று தீர்ப்பு எழுதி அனுப்பியிருக்கிறாய். சரி. கணினி வேலை செய்கிறவனைத் தபால்தலை ஒட்ட வைத்த பெருமை உனக்கே.

ஒன்பது வருஷம் கழித்து வேலைக்குப் போகிறாய், சந்தோஷம். மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் தட்டச்சு, ஒரு மாதம் சோதனை, 31ஆம் தேதி முதலாளி மேடம் முடிவு சொல்வார். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றிலும் வெளிநாட்டுப் பெயர்கள் மூலத்தில் இருக்கிறபடியே வரவேண்டும். எழுத்துகளின் தலையில் கோடு, புள்ளி, கூரை. இதை நீ "கொண்டை" என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அலுவலகத்தில் அப்படிச் சொல்லிவைக்காதே.

விடை: விசைப்பலகையில் ஆல்ட் விசையை அழுத்திப் பிடி. பிடித்தபடியே வலது ஓரத்தில் கால்குலேட்டர் மாதிரி இருக்கிற எண் பகுதியில் நாலு எண் தட்டு. 0233 தட்டினால் é. 0241 என்றால் ñ. மேல்வரிசை எண்களைத் தட்டாதே, வராது. மொத்தம் 126 எண்களை நாலு தாளில் அச்சடித்து வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய். ஒரு வாரம் போதும்.

தம்பி


8 மார்ச் 2009, ஞாயிறு

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

உன் நாலு தாளும் கிடைத்தன. சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டியாயிற்று. அத்தான் டீ குடிக்கும்போதெல்லாம் அவற்றைப் படிக்கிறார். அவருக்கு ஏழு எண் மனப்பாடம் ஆகிவிட்டது. அவரை வேலைக்கு அனுப்பலாம் என்று பார்க்கிறேன்.

எனக்குப் பயனில்லை. ஏனென்றால், தம்பி அவர்களே, அலுவலகத்துக் கணினியின் விசைப்பலகையில் நீ சொன்ன கால்குலேட்டர் பகுதியே கிடையாது. சின்னப் பலகை. எழுத்து முடிகிற இடத்தில் பலகையும் முடிந்துவிடும். போனிலேயே சொல்ல வந்தேன். நீ உரக்க விளக்கிக்கொண்டிருந்தாய்.

வேலை எப்படி நடக்கிறது என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். இரண்டாம் மாடியில் ஒரே அறை. மூன்று மேசை, ஒரு கணினி. காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை அது எனக்கு. ஒரு மணிக்கு மேல் சரிபார்ப்பவருக்கு. அவரை எல்லாரும் கமா சார் என்கிறார்கள். முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும், ஒரு கமா விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவார். நான் தட்டுவதைப் பிற்பகலில் அவர் தன் பாஸ்வேர்ட் போட்ட தனிக் கணக்கில் திறந்து திருத்தி அங்கேயே வைத்துக்கொள்வார். மேடம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்.

ஒரு பக்கத்தில் சராசரியாக நாற்பது கொண்டை. (இப்படித்தான் சொல்வேன். கமா சாரும் சொல்லத் தொடங்கிவிட்டார்.) ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டியைத் திறந்து, எறும்பு வரிசை மாதிரி இருக்கிற எழுத்துகளில் தேடி, சுட்டியால் கிளிக் செய்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஐம்பது நிமிஷம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பக்கம் வேண்டுமாம். நான் நாலு.

முதல் நாள் இன்னொரு கூத்து. டைப்ரைட்டரில் கற்றவள் இல்லையா? எழுத்தைத் தட்டி, ஒரு எட்டு பின்னால் போய், அதன் தலையில் கோட்டை வைக்கலாம் என்று பின்விசையை அழுத்தினேன். எழுத்தே போய்விட்டது. திரும்பத் தட்டினேன், திரும்பப் பின்னால் போனேன், திரும்பப் போனது. கமா சார் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அம்மா, நீங்க கொண்டை வைக்கல, மொட்டை அடிக்கறீங்க" என்றார்.

சிரிக்காதே. இந்த வேலை எனக்கு வேண்டும். வீட்டில் எனக்கு இல்லாதது ஒன்றுமில்லை. ஆனால் காலை ஒன்பது மணிக்கு அந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தால், ஒரு மணி வரைக்கும் நான் யாருக்கும் அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை. கோபித்துக்கொள்ளாதே. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் கேட்கிறேன்.

வேறு வழி இருந்தால் சொல்.

அக்கா


11 மார்ச் 2009, புதன்
காலை 6.15

அக்கா,

எண் பகுதி இல்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தால் ஆறு நாள் மிச்சம்.

வழி இருக்கிறது. விசைப்பலகையின் அமைப்பையே மாற்றிவிடு. புதிய அமைப்பில் ஐந்து விசைகள் ஊமை. ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள், இன்னும் மூன்று. அவற்றைத் தட்டினால் திரையில் ஒன்றும் வராது, காத்திருக்கும். அடுத்து e தட்டினால் இரண்டும் சேர்ந்து é ஆக வரும். மேற்கோள் மட்டும் வேண்டுமென்றால் அதைத் தட்டி இடைவெளி விடு. உன் பாஷையில் சொன்னால், கொண்டையை முதலில் கையில் எடு, பிறகு தலையைத் தேடு.

ஒன்பது படிகள் தனித்தாளில். வரிசையாகச் செய். கேள்வி கேட்காதே, யோசிக்காதே. எட்டாவது படியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: இந்த மாற்றம் தொடக்கத் திரைக்கும், கணினியைப் பயன்படுத்தும் எல்லாருக்கும் பொருந்தட்டுமா என்று. அதில் டிக் போடு. போடாவிட்டால் ஏதாவது ஒரு நாள் பழைய அமைப்புக்குப் போய்விடும். அப்புறம் நீ எனக்கு இன்னும் பதினொரு கேள்வி எழுதுவாய்.

தம்பி


15 மார்ச் 2009, ஞாயிறு

என் தங்கமே,

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், மேடம் வெளியே போயிருந்தபோது, உன் ஒன்பது படியையும் ஏறிவிட்டேன். எட்டாவதில் டிக்கும் போட்டேன். கமா சார் கண் ஆஸ்பத்திரிக்காக இரண்டு நாள் விடுப்பு, அதனால் கணினி பிற்பகலிலும் என்னிடமே. வெள்ளி பிற்பகல் மட்டும் ஆறு பக்கம். சனிக்கிழமை பதினொன்று!

சனிக்கிழமை மேடம் கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே வந்து என் பின்னால் நின்றார். நான் திரும்பவில்லை. "என்ன, திடீர்னு கை வேகமாயிடுச்சு?" என்றார். "பழகிடுச்சு மேடம்" என்றேன். தம்பி சொல்லிக்கொடுத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. அந்தப் பாராட்டை மட்டும் தனியாக வைத்துக்கொள்ள ஆசை. திருட்டு ஆசைதான்.

உன் விசைகள் எனக்குப் பிடித்துவிட்டன. தட்டியதும் பதில் சொல்லாமல், அடுத்தவர் என்ன சொல்கிறார் என்று காத்திருக்கின்றன. அவற்றிடம் நீ கொஞ்சம் படிக்கலாம்.

ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறைச் சான்றிதழ்கள், அறுபத்திரண்டு பக்கம். பெரும்பாலானவற்றைக் கமா சார் முன்பே திருத்தித் தன் கணக்கில் வைத்திருக்கிறார். நாளை நாலு மணிக்குள் தூதரகத்தில் இருக்கவேண்டும். என் பங்கு முடிந்தது. அவர் வந்து கடைசியாக ஒரு தடவை பார்த்து அச்சடிக்கவேண்டியதுதான்.

அத்தான் உனக்கு ஒரு சட்டைத் துணி எடுத்து வைத்திருக்கிறார். நிறத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அக்கா


17 மார்ச் 2009, செவ்வாய்

தம்பி,

சுருக்கமாக எழுதுகிறேன்.

நேற்று ஒரு மணிக்குக் கமா சார் உட்கார்ந்தார். பாஸ்வேர்ட் தட்டினார். தவறு என்றது. திரையில் வெறும் கறுப்புப் புள்ளிகள்தான் தெரியும் இல்லையா? மறுபடி தட்டினார். "ஏழு வருஷமா இதே விரல், இதே இடம்" என்றார். மூன்றாவது தடவை ஒவ்வொரு எழுத்தாக, வாய்க்குள் சொல்லிச் சொல்லி. நாலாவது தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு. ஐந்தாவதோடு கணினி அவர் கணக்கைப் பூட்டிவிட்டது. அறுபத்திரண்டு பக்கமும் உள்ளே.

எனக்கு என்னவென்று புரியவே இல்லை. என் பாஸ்வேர்ட் வெறும் எழுத்தும் எண்ணும், எனக்கு எப்போதும்போல் திறந்தது. கமா சார் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "சொட்டு மருந்து போட்ட கண்ணும்மா, நான்தான் ஏதோ தப்பாத் தட்டறேன்" என்றார். அவர் தன் கண்ணைச் சந்தேகப்பட்டார், தம்பி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கணினி பழுதுபார்க்கும் ஆள் ஐந்தரைக்கு வந்தார். பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். "யாரோ கீபோர்டை மாத்தி, எல்லாருக்கும் சேர்த்துப் போட்டிருக்காங்க. சாரோட பாஸ்வேர்ட்ல ஒரு மேற்கோள் இருக்கு, அது ஒட்டிக்கிட்டு வேற எழுத்தாப் போகுது" என்றார்.

"யார் இதுல கை வச்சது?" என்று மேடம் கேட்டார்.

"நான்தான் மேடம்."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

அதற்குள் நாலு மணி தாண்டிவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து. இடுப்பில் குழந்தையோடு வந்திருந்த பெண்ணிடம் மேடம் நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டார். நான் என் மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து நிற்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

பழைய அமைப்பைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். "முப்பத்தொண்ணாம் தேதி பேசிக்கலாம்" என்று மேடம் சொல்லியிருக்கிறார். நான் உன் பெயரைச் சொல்லவில்லை.

அக்கா


19 மார்ச் 2009, வியாழன்

தம்பி,

முந்தின கடிதத்தைப் போட்டுவிட்டு வந்ததிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. உன்னை எனக்குத் தெரியும். இந்நேரம் கையில் பேனா எடுத்திருப்பாய்.

மேடத்துக்கு எழுதாதே.

நீ செய்தது தப்புத்தான். ஆனால் அலுவலகக் கணினியில் டிக் போட்ட கை என்னுடையது. நீ எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? இவளுக்கு ஒன்றும் தெரியாது, இவள் வேலையை இவள் தம்பி பார்த்தான் என்று ஆகும். அதற்கு அவர் என்னை வீட்டுக்கு அனுப்புவதே மேல்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உன் இரண்டு கடிதங்களையும் எடுத்து வைத்துப் படித்தேன். ஒரு கேள்விகூட இல்லை. அந்தக் கணினியை வேறு யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டிருந்தால் கமா சாரைப் பற்றிச் சொல்லியிருப்பேன். கேட்காதது மட்டுமில்லை, நான் எழுதியும் இருந்தேன். நீ படித்தாய், ஆனால் விடைக்கு வேண்டியதை மட்டும் படித்தாய்.

கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது. சாப்பிடுகிறாயா?

அக்கா


20 மார்ச் 2009, வெள்ளி
பிற்பகல் 1.05

அக்கா,

உன் 17ஆம் தேதிக் கடிதம் காலை ஒன்பதரைக்குக் கிடைத்தது. தப்பு என்னுடையது. மேற்கோள் விசையை ஊமையாக்கினால், அதற்கு அடுத்து a, e, i, o, u வரும் எந்தப் பாஸ்வேர்டும் உடையும். இது எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் புதிதாய்ச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கிற விஷயம். உனக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் ஒன்பது படியில் முடிக்கவேண்டும் என்று அவசரம்.

நீ சும்மா இரு. மேடத்துக்கு நானே எழுதிவிட்டேன். ஒன்பது பக்கம், இரண்டு அட்டவணை. இப்போதுதான் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். எல்லாம் சரியாகிவிடும்.

தம்பி


21 மார்ச் 2009, சனி
காலை 10.30

அக்கா,

உன் 19ஆம் தேதிக் கடிதம் இன்று ஒன்பதரைக்கு வந்தது.

படித்த கையோடு தபால் நிலையத்துக்கு ஓடினேன். நேற்றுப் போட்ட கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். என் கையெழுத்து, என் பணத்தில் வாங்கிய தபால்தலை என்று வாதாடினேன். அங்கிருந்தவர் பசை தடவுவதை நிறுத்தவேயில்லை. "தம்பி, அது நேத்தே மூட்டையில போயிடுச்சு. போகலைன்னாலும் பெட்டிக்குள்ள விழுந்தப்புறம் அது உங்க லெட்டர் இல்ல, வாங்கிக்கப்போறவரோடது" என்றார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா, "காதல் கடிதமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

என்ன செய்யவேண்டும் என்று சொல். நீ சொல்லும்வரை ஒன்றும் செய்யமாட்டேன்.

சாப்பிடுகிறேன்.

தம்பி


31 மார்ச் 2009, செவ்வாய்

அன்புள்ள தம்பிக்கு,

பத்து நாளாக ஒரு வரிகூட எழுதவில்லை. உன்னைக் காயப்போடத்தான். காய்ந்திருப்பாய்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். 24ஆம் தேதி மேடம் என்னைக் கண்ணாடிக் கதவுக்குள் கூப்பிட்டார். மேசைமேல் உன் ஒன்பது பக்கம். கோழி கிளறிய உன் கையெழுத்தை வாசல் பக்கமிருந்தே அடையாளம் தெரிந்துகொண்டேன்.

"உங்க தம்பியா?"

"ஆமா மேடம்."

"நல்லா எழுதியிருக்கார். முழுக்கப் படிச்சேன். இந்த ஒன்பது பக்கத்துல நீங்க எங்கேயுமே இல்லையே?"

வாங்கிப் பார்த்தேன். நான் இருந்தேன். மூன்று இடத்தில். "என் அக்காவுக்குக் கணினி தெரியாது" என்று. நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கிறாய், தெரிகிறது. அதனால்தான் அழுகை வராமல் கோபம் வந்தது.

"இப்ப சொல்லுங்க. வேலை உங்களுக்குத் தெரியுமா, அவருக்குத் தெரியுமா?"

"ஒரு பக்கம் குடுங்க மேடம்" என்றேன்.

இங்கே உனக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். உன் அமைப்பை எடுத்த பிறகு மறுபடி அந்த எறும்புப் பெட்டிக்கே போனேன், மறுபடி நாலு பக்கம். ஒரு சாயங்காலம் என் மகள், உன் மருமகள், வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாத சொல் வந்தால் அவள் நிற்பதில்லை. அங்கே ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறாள். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் என்னிடம் கேட்கிறாள்.

மறுநாள் நானும் அப்படியே செய்தேன். பக்கத்தை நிற்காமல் வெற்று எழுத்தில் தட்டிவிடுவது. கொண்டை வருகிற இடத்தில் எழுத்துக்கு அடுத்து ஒரு எண். வலப்பக்கம் சாய்ந்த கோட்டுக்கு 1, இடப்பக்கம் சாய்ந்ததற்கு 2, கூரைக்கு 3, இரட்டைப் புள்ளிக்கு 4. முழுக்க முடித்தபின், e1 எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் é போடு என்று கணினியிடம் சொல்வது. தேடி மாற்றும் வசதிதான், புதிதாக ஒன்றுமில்லை. எறும்புப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு எழுத்தையும் ஒரே ஒரு தடவை எடுத்தால் போதும். கணினியில் எதையும் மாற்றவேண்டாம், யார் விரலும் தடுமாறாது.

இந்த இடத்தில் நீ நாற்காலியிலிருந்து எழுந்திருப்பாய்: "கதவு எண் A1 என்று வந்தால்?" உட்கார். எனக்கும் அது இரண்டாம் பக்கத்திலேயே வந்தது. அதனால் எண்ணுக்கு முன்னால் # ஒன்று சேர்த்துக்கொண்டேன். சான்றிதழில் அது வருவதே இல்லை. இருநூறு பக்கம் புரட்டிப் பார்த்தேன்.

மேடம் கொடுத்த பக்கத்தில் நாற்பத்து மூன்று கொண்டை. பதினாலு நிமிஷம். என் பின்னாலேயே நின்றார். எண்களாகக் கிடந்த பக்கம் ஒவ்வொன்றாகக் கொண்டை முடிந்துகொண்டு எழுந்தபோது அவர் இன்னும் குனிந்து பார்த்தார். கமா சாரும் எழுந்து வந்தார்.

"அம்மா, மாத்தறதுக்கு முன்னாடி இந்த எண்ணோட இருக்கற பக்கத்தை எனக்கு அச்சடிச்சுக் குடுங்க."

"எதுக்கு சார்?"

"கோடு வலப்பக்கம் சாயுதா, இடப்பக்கம் சாயுதான்னு எனக்குக் கண்ணு தெரியறதில்ல. ரெண்டு வருஷமா ஊகத்துலதான் ஓட்டறேன். ஒண்ணா, ரெண்டான்னா தெரியும்."

அதை அவர் மேடத்தின் எதிரிலேயே சொன்னார். மேடம் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு பிரதியா அடிங்க. ஒண்ணு சாருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இன்று காலை கூப்பிட்டு வேலை நிரந்தரம் என்றார். கணினியில் எதை மாற்றினாலும் கேட்டுவிட்டுத்தான் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சந்தோஷமாகப் போட்டேன்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள். வேலை உன் கடிதத்தால் கிடைக்கவில்லை. உன் கடிதத்தையும் மீறிக் கிடைத்தது. ஆனாலும் அந்த ஒன்பது பக்கத்தை மேடத்திடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். எனக்காக இத்தனை பக்கம் வேறு யாரும் எழுதியதில்லை.

அக்கா


3 ஏப்ரல் 2009, வெள்ளி
மாலை 6.20

அக்கா,

உன் முறையை நேற்றும் இன்றும் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து சோதித்தேன். நாற்பது பக்கம், நாலு மொழி. எங்கே உடையும் என்று தேடினேன். உடையவில்லை. கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "யார் பண்ணது?" என்றான். "என் அக்கா" என்றேன். "என்ன படிச்சிருக்காங்க?" என்றான். அவனோடு இனிப் பேசுவதாக இல்லை.

"என் அக்காவுக்குக் கணினி தெரியாது" என்று மூன்று இடத்தில் எழுதியது ஞாபகமே இல்லை. நீ சொன்ன பிறகு யோசித்தால், எனக்கு அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்திருக்கிறது. எட்டு வயது மூத்தவளுக்கு ஒன்றையாவது நான் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று. மன்னித்துவிடு.

நான் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை என்ற உன் புகாருக்குப் பதிலாக மூன்று கேள்விகள். கமா சார் கண்ணுக்கு ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்? அந்தக் குழந்தையோடு வந்த பெண்ணுக்குப் புதுத் தேதி என்றைக்கு? ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை நீ அக்கா இல்லை என்றால், ஒரு மணிக்கு மேல் எந்த நேரத்தில் எழுதினால் உனக்குத் தொந்தரவு இருக்காது?

இனி நான் செய்யப்போவது:

1. ஏப்ரல் 18, சனிக்கிழமை அங்கே வருவதற்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். டிக்கெட் எடுக்கவில்லை. நீ வா என்று எழுதினால் எடுப்பேன்.

2. கமா சாரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்பேன். பாஸ்வேர்ட் எப்படி வைத்துக்கொள்ளவேண்டும் என்று அவருக்குப் புத்தி சொல்லமாட்டேன்.

3. நீ ஒரு பக்கம் தட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். மேடம் அனுமதித்தால். கை இரண்டும் தொடைக்கு அடியில் இருக்கும்.

5. e#1, a#1 என்று நீ ஒவ்வொன்றாக மாற்றுகிறாயே, எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்ற ஒரு வழி உண்டு. கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் வாயைத் திறக்கமாட்டேன். இந்த வரியை எழுதுவதற்கே எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது.

6. இந்தக் கடிதத்தை இன்று போடமாட்டேன். மேசையில் வைத்துவிட்டு, காலையில் ஒரு தடவை படித்துவிட்டுப் போடுவேன்.

(4 ஏப்ரல், சனி, காலை 7.10. படித்தேன். நாலாவது எங்கே என்று தேடாதே. மேடத்துக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதுவேன் என்று நேற்று போட்டிருந்தேன். காலை வெளிச்சத்தில் பார்த்ததும் கோடு போட்டு அழித்துவிட்டுச் சுத்தமாகப் படியெடுத்தேன். எண்களை மட்டும் மாற்றவில்லை. இப்போது தபால் பெட்டிக்குப் போகிறேன்.)

தம்பி